மூன்றாவது மூச்சு

வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வீட்டுக்காரிக்குத் தெரியாதா? தானும் மகளும், இரண்டே பேர். ஆனால் லேப்டாப் திரை மூன்று என்றது.

அவள் சிரித்துவிட்டாள். சிரிக்காமல் என்ன செய்வது? புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவளுக்கு எண்ணிக்கையில் ஒன்று கூடுவதும் ஒன்று குறைவதும் அன்றாடக் கூத்து. வெளியே மதியத்திலிருந்து விடாமல் பெய்த மழையில் பொழுது சாய்வதற்கு முன்பே வீடு இருட்டிப் போயிருந்தது. கண்ணாடியில் நீர் வழிந்து, அதன் நிழல் சுவரிலும் வழிந்தது. லேப்டாப்பின் விசிறி மெல்ல இரைந்தது. மாடி அறையிலிருந்து மகளின் மூச்சுச் சத்தம், அந்தப் பழகிய சின்ன விசில், படிக்கட்டு வழியாக இறங்கி வந்துகொண்டிருந்தது.

மகளுக்கு வீசிங். ஏழு வயசுக்குள் பார்க்காத டாக்டர் இல்லை. குழந்தையின் அப்பாவுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில். மழைக்காலம் வந்தால் குழந்தையின் நெஞ்சுக்குள் விசில் அடிக்கத் தொடங்கிவிடும். அழுதால் மூச்சு இன்னும் முட்டும் என்பதால் அம்மாக்காரி அதை ஒரு விளையாட்டாக்கி வைத்திருந்தாள். "குக்கர்! எத்தனை விசில்?" என்று கேட்பாள். "மூணு விசில்மா, இறக்கிடலாம்" என்று மகள் சொல்ல வேண்டும். சொல்லிச் சிரிப்பதற்குள் இன்ஹேலரை வாயில் வைத்து அமுக்கிவிடுவாள்.

இந்த வீட்டுக்கு அவள் குடிவந்ததே அந்த விசிலுக்காகத்தான். வீடு கம்பெனியுடையது. அறைக்கு அறை கூரையில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வெள்ளைச் சென்சார். படம் எடுக்காது, பேச்சைப் பதியாது. மூச்சுவிடும்போது நெஞ்சு ஏறி இறங்குகிற அசைவை மட்டும் பிடிக்கும். நோயாளிகள் இருக்கிற வீடுகளில் விற்கப் போகிற சரக்கு. விற்பதற்கு முன் கம்பெனி ஆள் ஒருவர் குடியிருந்து சோதிக்க வேண்டும். யார் போகிறீர்கள் என்று கேட்டபோது அவள்தான் முந்திக்கொண்டு கையைத் தூக்கினாள். மகள் எந்த அறையில் தூங்கினாலும் அவள் மூச்சு ஒரு பச்சைக் கோடாகத் திரையில் ஓடுமே! அந்தக் கோடு நின்றுவிடக் கூடாது. அவளுக்கு வேண்டியது உலகத்தில் அது ஒன்றுதான்.

இப்போது பச்சைக் கோடுகள் மூன்று ஓடின.

காரணம் அவளுக்கே தெரியும், காலையில் கையை வைத்தது அவள்தானே. இந்த வீட்டுக்கான புரோகிராமை அவளுக்கு முன்னால் இருந்தவன் ஹாஸ்கல் என்ற மொழியில் எழுதியிருந்தான். அது ஒரு சோம்பேறி மொழி. வசவு இல்லை, அதன் சுபாவமே அப்படி. ஒரு கணக்கைப் போடச் சொன்னால், "போடறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். விடை வேண்டும் என்று யாராவது எதிரில் வந்து நின்றால்தான் எழுந்திருக்கும். அவளுடைய தம்பியும் அதே ரகம். சாப்பிடத் தட்டு வைத்தால்தான் கை கழுவப் போவான். யாருமே விடையைத் தேடி வராவிட்டால் அந்தக் கணக்கு காலம் முழுக்க வெறும் வாக்காகவே கிடக்கும், நடக்கவே நடக்காது.

பழைய ஆள் எல்லா அறைகளுக்கும் ஒழுங்காகப் பெயர் வைத்திருந்தான். மாடிப்படிக்கு அடியில் துடைப்பமும் பெட்டியும் வைக்கிற பொந்து ஒன்று உண்டு. அதன் சென்சாருக்கு மட்டும் பெயருக்குப் பதிலாக ஓர் அடிக்கோடு போட்டிருந்தான். ஹாஸ்கலில் அடிக்கோடு என்றால், "இது வருகிறது, எனக்கு வேண்டாம், பார்க்க மாட்டேன்" என்று அர்த்தம். என்ன சோம்பேறித்தனம் என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. அடிக்கோட்டை அழித்தாள், பெயர் வைத்தாள், மொத்தக் கூட்டலில் சேர்த்தாள்.

அதிலிருந்து மூன்று.

சரி, எங்கே இடிக்கிறது பார்ப்போம் என்று நடுநடுவே ட்ரேஸ் வரிகளைச் செருகினாள். கணக்கு ஓர் இடத்தைத் தாண்டும்போது அந்த இடத்தின் பெயரைச் சொல்லிக் கத்தச் சொல்கிற வரிகள் அவை. ஹாஸ்கலில் அந்தக் கத்தல் எழுதிய வரிசையில் வராது. எது முதலில் தேவைப்பட்டதோ அதுதான் முதலில் கத்தும். அவள் முதலில் எழுதியது தான் உட்கார்ந்திருந்த மேஜை அறையை. புரோகிராமை ஓட்டிப் பார்க்க ரன் கொடுத்தாள்.

மாடிப்படிக்கு அடியில்: ஒன்று.

அதற்கப்புறம்தான் மேஜை அறை, அதற்கப்புறம்தான் மகள் அறை. முந்திக்கொண்டு வந்து நின்றது அது. அந்தக் கோட்டை உற்றுப் பார்த்தாள். பெரியவர்கள் மூச்சு மாதிரியும் இல்லை, குழந்தை மூச்சு மாதிரியும் இல்லை. ஒரே அளவு ஏற்றம், ஒரே அளவு இறக்கம், ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி.

எழுந்து போய்ப் பொந்தின் கதவைத் திறந்தாள். துடைப்பம், காலிப் பெட்டி, உடைந்த குடை. மூடியே கிடந்த இடத்துக்கு உரிய நெடி, காயாத துணியை மடித்து வைத்த நெடி, குப்பென்று முகத்தில் அடித்தது. கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, பெருமூச்சு விட்டுத் திரும்பி வந்து மறுபடி ரன் கொடுத்தாள்.

நடை: ஒன்று.

நடை என்பது அவள் இப்போது நடந்து வந்த இடம்.

பழைய ஆளின் நம்பர் அவளிடம் இருந்தது. வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தான்.

"சார், நீங்க இந்த டெஸ்ட் வீட்ல தங்கியிருந்தீங்கதானே? ஒரு சின்ன டவுட்..."

"வேலையை விட்டாச்சு. புரோகிராம்ல தப்புன்னா நீங்களே பாத்துக்குங்க."

"மாடிப்படிக்கு அடியில ஒரு சென்சார், நீங்க அடிக்கோடு போட்டு வச்சிருந்தீங்க..."

 "அதை எடுத்துட்டீங்களா?" என்றான்.

"அதுக்கு மட்டும் பேரே இல்லாம இருந்துது சார், அதான்..."

"அடிக்கோடு எதுக்குப் போடறாங்கன்னு தெரியாமத்தான் இவ்வளவு நாள் வேலை பாத்தீங்களாக்கும்!"

"திருப்பி அடிக்கோடாவே மாத்திடவா?"

"அது அந்த இடத்தைப் பாக்காம இருக்கறதுக்கு. வெளிய வந்துட்டா அது எதுக்கு ஆகும்? இனிமே இந்த நம்பருக்குப் பண்ணாதீங்க." வைத்துவிட்டான்.

என்ன திமிர்! அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததில் கொஞ்சம் தைரியமும் வந்தது. அடிக்கோட்டைப் பழையபடி போட்டு ரன் கொடுத்தாள். பொந்து கணக்கிலிருந்து போய்விட்டது. ஆனால் மொத்தம் மூன்றுதான்.

மாடிப்படி: ஒன்று.

படியில் ஒரு பலகை கிறீச்சிட்டது. மழையில் மரம் ஊறும், கிறீச்சிடும், இதில் என்ன இருக்கிறது? கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மழைச் சத்தம், விசிறிச் சத்தம், மேலே மகளின் விசில். வேறெதுவும் இல்லை. நெடுநேரம் எதுவும் இல்லை. விரலை நீட்டி ரன் கொடுத்தாள். கிறீச். கையை எடுத்தாள், நிசப்தம். மறுபடி கொடுத்தாள். கிறீச், இன்னும் ஒரு படி மேலே.

அவள் பார்த்தால்தான் அது நகர்கிறது.

 இரண்டு கைகளையும் மடிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டாள். இனி ரன் கொடுப்பதில்லை, அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. அந்த நேரம் பார்த்து மேலே மகள் இருமினாள். இருமல் அடங்கவில்லை, தொடர்ந்து இருமினாள். விசில் உச்சத்துக்கு ஏறியது. அப்புறம் என்ன படி, என்ன கிறீச்! பெற்ற வயிறு கேட்குமா? ஓடினாள். படிக்கட்டின் பாதியில் காற்றே சில்லிட்டுப் போய் நின்றிருந்தது, காயாத துணியின் நெடி மூக்கை அடைத்தது, தோளைக் குறுக்கிக்கொண்டு அதற்குள் நுழைந்து மேலே போனாள்.

மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், முடி கலைந்து, கண் கலங்கி.

"குக்கர்! எத்தனை விசில்?"

"மூணு... விசில்மா." மூச்சுக்கு நடுவே சிரிக்கப் பார்த்தாள். "இறக்கிடலாம்."

இன்ஹேலரை அமுக்கினாள். போர்வையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு அதே படியில், அதே சில்லிப்புக்குள், மகளின் முகத்தைத் தன் கழுத்தில் அழுத்தியபடி இறங்கினாள். மேஜைக்குப் பக்கத்துச் சோபாவில் படுக்க வைத்து, இன்ஹேலரை மேஜைமேல் வைத்தாள். வீட்டை விட்டுப் போய்விடலாமா? இந்த மழையில் நனைந்தால் குழந்தை தாங்குமா? போயும் போயும் ஒரு புரோகிராம் பிழைக்குப் பயந்தா தெருவில் நிற்பது?

போன் அடித்தது. மேனேஜர்.

"வாங்கறவங்க இங்க வந்து உக்காந்திருக்காங்க. உங்க வீட்டைத்தான் பெரிய திரையில காட்டிட்டிருக்கேன். ரெண்டு பேர் இருக்கற வீட்ல மூணுன்னு வருது. சிரிக்கறாங்க."

"சார், இங்க என்னமோ சரியில்லை. சென்சார்ல..."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! சென்சார் நல்லாத்தான் இருக்கு. இருட்டறதுக்குள்ள ரெண்டுன்னு வரணும். வரலைன்னா சாவியைக் குடுத்துட்டு, உங்க பொண்ணுக்கு வேற வீடு பாத்துக்குங்க."

வைத்துவிட்டார். எதிரில் திரை, அவர் அங்கிருந்து பார்த்ததில் ஏற்கெனவே மாறியிருந்தது.

மேஜை அறை: மூன்று.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சோபாவில் மகளின் விசில் கேட்டது. தன் மூச்சு தனக்குக் கேட்டது. இரண்டுக்கும் நடுவில், பிடரிக்குச் சற்று மேலே, சத்தமே இல்லாமல் காற்று போய்ப் போய் வந்தது. ஒரே அளவு. ஒரே அளவு.

ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு கர்வம் உண்டு. ஹாஸ்கல்காரர்களின் கர்வம் இது: தப்பு நடந்தபின் திருத்துகிறவன் சாதாரண ஆள், தப்பு நிற்கவே இடம் இல்லாதபடி எழுதுகிறவன்தான் ஆள். அவளும் அந்தக் கர்வத்தில் ஊறியவள். வேறு ஒருத்தியாக இருந்தால் குழந்தையை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடியிருப்பாள். இவள் கீபோர்டை இழுத்துக்கொண்டாள். வீடு என்றால் எத்தனை மூச்சு வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது பழைய விதி. அதனால்தானே கண்டதும் உள்ளே வருகிறது? விதியை மாற்றினாள். வீடு என்றால் ஒரு அம்மா, ஒரு மகள். இரண்டே இடம். மூன்று என்று சொல்லப் பார்த்தாலும் சொல்ல முடியாது.

கம்பைலர், எழுதியதைச் சரிபார்க்கிற அந்த வாத்தியார், சிவப்பு சிவப்பாகத் திட்டத் தொடங்கினார். இங்கே பொருந்தவில்லை, அங்கே பொருந்தவில்லை. ஒன்றைச் சரி செய்தால் இரண்டு கிளம்பியது. அவள் ஒவ்வொன்றாக அடக்கிக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒரே ஒரு பிழை. மூச்சு மூன்று வருகிறது, இடம் இரண்டு இருக்கிறது. அம்மாவுடையது தெரிகிறது, மகளின் இடத்தில் எதை வைக்க?

இதில் என்ன யோசனை? கம்பெனியில் வழக்கமாகச் செய்வதுதான். கரடுமுரடாக, விட்டு விட்டு, மேலும் கீழும் குதிக்கிற கோடு என்றால் அது குப்பை, மின்விசிறி அசைவோ திரைச்சீலை அசைவோ. சீராக இருப்பதுதான் நிஜ மூச்சு. பிடரியில் அந்தக் காற்று பட்டது. விரல்கள் தானாக ஓடின. எது சீராக இருக்கிறதோ அது மகள்.

மிச்சம்?

மிச்சத்துக்கு ஓர் அடிக்கோடு.

சிவப்பு எல்லாம் மறைந்தது. ரன் கொடுத்தாள்.

அம்மா: ஒன்று. மகள்: ஒன்று. மொத்தம்: இரண்டு.

பிடரியில் இருந்த காற்று நின்றுவிட்டது. நெடியும் போய்விட்டது. அறை வெதுவெதுப்பாக இருந்தது. அப்பாடா! மேஜையில் தலை சாய்த்து அழுகையும் சிரிப்புமாக உட்கார்ந்துவிட்டாள். போனில் மேனேஜரிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. திரையில் இரண்டு பச்சைக் கோடுகள். மகளின் கோடு எவ்வளவு அழகாக ஓடுகிறது! ஒரே அளவு ஏற்றம். ஒரே அளவு இறக்கம்.

ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி.

அவள் தலையைத் தூக்கினாள்.

அறையில் விசில் கேட்கவில்லை.

மெல்லத் திரும்பினாள். மகள் சோபாவில் நேராக உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. முடி வாரியிருந்தது.

"சரியாயிடுச்சாம்மா?"

மகளின் குரல்தான். மகளின் முகம்தான். கன்னத்தில் அதே மச்சம். நெஞ்சு ஏறி இறங்கியது, சத்தமே இல்லாமல்.

"குக்கர்," என்றாள் அம்மாக்காரி.  "எத்தனை விசில்?"

மகள் யோசித்தாள். தலையைச் சாய்த்து, பொறுமையாக, ரொம்ப நேரம் யோசித்தாள்.

"விசிலாம்மா?"

அப்போது கேட்டது. நடைக்கு அந்தப் பக்கம். மாடிப்படிக்கு அடியில். சன்னமாக, இழுத்து இழுத்து.

விசில்.

ஓடினாள். தாழ்ப்பாளை இழுத்தாள். கதவைத் திறந்தாள். துடைப்பம். காலிப் பெட்டி. உடைந்த குடை. ஆள் இல்லை. விசில் அங்கேதான் இருந்தது, அவள் இடுப்பு உயரத்தில், கண்ணெதிரே, உள்ளே போய் வெளியே வந்தது. கையை நீட்டித் துழாவினாள். சுவர். பெட்டி. வெறும் காற்று.

"கண்ணு! அம்மா இங்கதான் இருக்கேன்டா! எங்க இருக்கே?"

மாற்ற வேண்டும். மகளின் மூச்சின் மேல் போட்ட அந்த அடிக்கோட்டை அழிக்க வேண்டும். ஒரு எழுத்து. ஒரே ஒரு எழுத்து. திரும்பினாள்.

நடையில் மகளின் முகத்தோடு அது நின்றுகொண்டிருந்தது. மூடிய லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்திருந்தது. தண்ணீரில் முக்கி எடுத்த லேப்டாப்பின் மூலைகளிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தரையில் விழுந்தது.

"ரெண்டு பேர் போதும்மா," என்றது அன்பாக.

பொந்துக்குள் விசில் ஏறியது. அவளுக்கு அந்த உச்சம் தெரியும். அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்றும் தெரியும். மேஜைக்கு ஓடி இன்ஹேலரை எடுத்து வந்தாள். பொந்தின் முன் மண்டியிட்டாள். குலுக்கினாள். நீட்டினாள்.

வைக்க வாய் இல்லை.

"குக்கர்... எத்தனை விசில்? சொல்லும்மா. சொல்லு தங்கம்."

இருட்டுக்குள்ளிருந்து, துடைப்பத்துக்கும் குடைக்கும் நடுவிலிருந்து, மூச்சை முழுக்கச் செலவழித்து ஒரு குரல் வந்தது.

"மூ..."

அவள் அமுக்கினாள். மருந்து புகையாகக் கிளம்பி, யார் முகத்திலும் படாமல், எதிர்ச் சுவரில் போய்ப் பட்டது. மறுபடி அமுக்கினாள். பின்னாலிருந்து ஒரு சின்னக் கை வந்து அவள் தோளைப் பற்றிக்கொண்டது. பிடரியில் காற்று பட்டது. ஒரே அளவு. ஒரே அளவு. அவள் திரும்பவில்லை. காலியான இருட்டுக்கு நேராக இன்ஹேலரை நீட்டிப் பிடித்தபடி அடுத்த விசிலுக்காகக் காத்திருந்தாள்.